வெக்கூம் இழுக்கவில்லை, தூசி திரும்பி வருகிறது: பம்ப்பை மாற்றும் முன் மீட்டர் முள்ளைப் பாருங்கள்

பினாங்கு, தஞ்சோங் பூங்காவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"மகன் வாங்கிய வீட்டோடு நீச்சல் குளமும் சேர்ந்து வந்தது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். வாரம் ஒருமுறை நானே தரைத் தூசியை உறிஞ்ச வெக்கூம் போடுகிறேன். முதல் ஐந்து நிமிடம் நன்றாக இழுக்கிறது, அப்புறம் பலமே இருப்பதில்லை. பம்ப்பின் கண்ணாடி மூடிக்குள் காற்றுக் குமிழிகள் ஓடுகின்றன. இழுத்த தூசியும் தண்ணீர் திரும்பும் துளை வழியாகக் கலங்கலாகக் குளத்துக்கே வந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அதே மூலையில் பழுப்புத் தூள். தினமும் பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக விட்டு வடிகட்டி மணலைக் கழுவுவது) செய்கிறேன். வடிகட்டியில் மணல் எப்போது போட்டார்கள் என்று தெரியாது. வந்து பார்த்த கொண்ட்ரேக்டர், 1 குதிரைசக்தி பம்ப்பை எடுத்துவிட்டு 1.5 போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். மாற்றிவிடலாமா?"

ஐயா, மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட பம்ப் கெட்டுப்போனதாகக் காட்டவில்லை. பம்ப் கெட்டால் மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவில் தண்ணீர் சொட்டும், பேரிங் கீச்சென்று கத்தும், சூடேறி நின்றுவிடும், அல்லது மெயின் சுவிட்ச் அடிக்கடி விழும். இதில் ஒன்றுமே உங்கள் வீட்டில் நடக்கவில்லை. முதல் ஐந்து நிமிடம் நன்றாக இழுக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இழுக்கத் தெரிந்த பம்ப்தான் அது.

உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு. இழுவை குறைவது பம்ப்புக்கு முன்னால் நடக்கிறது, தூசி திரும்பி வருவது பம்ப்புக்குப் பின்னால் நடக்கிறது. இரண்டும் ஒரே சனிக்கிழமை காலையில் கண்ணில் படுவதால் ஒரே வியாதி மாதிரித் தெரிகிறது, ஒரே மருந்தை விற்கவும் அது வசதியாகப் போய்விடுகிறது. தண்ணீர் போகும் வழியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குளத்திலிருந்து ஸ்கிம்மர் (சுவரில் மேல்தண்ணீரை இழுக்கும் வாய்), அங்கிருந்து குழாய் வழியாகப் பம்ப்பின் கூடை, பிறகு இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்), பிறகு மல்டிபோர்ட் வால்வு (தண்ணீரின் வழியை மாற்றும் கைப்பிடி உள்ளது), பிறகு மணல், பிறகு திரும்பக் குளம். பம்ப்புக்கு முன்னால் எல்லாம் இழுவையில் இருக்கிறது, அதனால் அங்கே இடைவெளி இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்ப்புக்குப் பின்னால் எல்லாம் அழுத்தத்தில் இருக்கிறது, அங்கே இடைவெளி இருந்தால் தண்ணீர் கசியும். ஆக, மூடிக்குள் குமிழி தெரிந்தாலே காற்று பம்ப்புக்கு முன்னால்தான் நுழைகிறது. அதே குழாயில் புதுப் பம்ப்பை மாட்டினால் அதுவும் அதே காற்றைத்தான் இழுக்கும்.

மணல் டாங்கின் மேல் ஒரு சின்ன வட்ட மீட்டர் இருக்கும், அழுத்தத்தைக் காட்டுவது. அதை யாருமே பார்ப்பதில்லை, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம், ஏனென்றால் முக்கால்வாசி பதில் அதில்தான் இருக்கிறது. பம்ப்பை நிறுத்தினால் முள் 0-க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மீட்டர் செத்துவிட்டது, கடலோரக் காற்றில் இது சகஜம், புதிதாக ஒன்று வாங்கித் திருகிவிடுங்கள், விலை அதிகமில்லை. பேக்வாஷ், அதன் பிறகு மிச்ச அழுக்கை அலசிக் கழிவுக்கு விடும் ரின்ஸ், இரண்டும் முடித்து வழக்கம்போல் ஓட விட்டு, முள் எங்கே நிற்கிறதோ அந்த எண்ணை மார்க்கரால் டாங்க் மேலேயே எழுதுங்கள். பல வீடுகளில் அது 10 முதல் 15 பிஎஸ்ஐக்குள் (அழுத்தத்தின் அலகு) இருக்கும், ஆனால் உங்கள் வீட்டு எண் எதுவோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

இப்போது வெக்கூம் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் பலம் குறையும் அந்த நேரம் முள்ளைப் பாருங்கள். முள் எழுதி வைத்த எண்ணுக்குக் கீழே இறங்கி ஆடினால், பம்ப்புக்குத் தண்ணீர் போதவில்லை, அடைப்போ காற்றோ முன்னால் இருக்கிறது. முள் அந்த எண்ணைவிட 8, 10 பிஎஸ்ஐ மேலே ஏறியிருந்தால் மணல் அடைத்துக்கொண்டது, பேக்வாஷ் கேட்கிறது. குமிழியை வைத்துப் பார்த்தால் உங்கள் முள் இறங்கும் என்றே நினைக்கிறேன்.

இறங்கினால் இப்படித் தேடுங்கள். முதலில் தண்ணீர் மட்டம்: ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே இருந்தால் அது தண்ணீரோடு காற்றையும் விழுங்கும். அடுத்து ஹோஸ். அதில் காற்றை வைத்துக்கொண்டே ஸ்கிம்மரில் மாட்டினால் அந்தக் காற்று முழுக்கப் பம்ப்புக்குத்தான் போகும். வெக்கூம் தலையைக் குளத்தின் தரையில் வைத்துவிட்டு, ஹோஸின் மறுமுனையைத் தண்ணீர் திரும்பும் துளையில் பிடியுங்கள், வெக்கூம் தலையிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை பொறுத்திருந்து, முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல் ஸ்கிம்மருக்குக் கொண்டுபோய் மாட்டுங்கள். மாட்டிய பிறகும் குமிழி ஓடினால் ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்கிம்மரை மட்டும் வைத்துப் பம்ப்பை ஓட விடுங்கள். குமிழி நின்றுவிட்டதா, ஹோஸில் ஓட்டை. வெயிலில் கிடந்து கிடந்து மடிப்பு மடிப்பாக வெடித்திருக்கும், மிதக்கும் பகுதியில் ஓர் ஊசித்துளை போதும், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதைதான். ஹோஸ் இல்லாமலும் குமிழி ஓடுகிறதா, அப்படியானால் பம்ப் மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஆரம்பியுங்கள். கழற்றித் துடைத்து, ஒட்டியிருக்கும் மணல் துகளை எடுத்து, வெடிப்பு இல்லையென்றால் சிலிக்கோன் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். வேசலின் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். பிறகு பம்ப்பின் அடித் திருகு, குழாய் சேரும் யூனியன், வால்வின் தண்டு. பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எங்கே ஊற்றும்போது குமிழி குறைகிறதோ அங்கேதான் காற்று போகிறது.

"முதலில் நன்றாக இருந்து பிறகு குறைகிறது" என்ற இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், உங்கள் சந்தேகத்தின் வேர் அதில்தான். வெக்கூம் இழுக்கும் இலைத்துணுக்கு எல்லாம் பம்ப்பின் கூடையில் போய்ச் சேர்கிறது. கூடை நிறைய நிறையப் பம்ப் இன்னும் பலமாக இழுக்கப் பார்க்கும், கூடைக்கும் இம்பெல்லருக்கும் நடுவில் இழுவை கூடும். சாதாரண நேரத்தில் தாக்குப்பிடித்த தளர்ந்த ஓ-ரிங் அந்த நேரம் பார்த்துக் காற்றை விட்டுவிடும். அதனால் குமிழி ஐந்தாம் நிமிடத்தில்தான் தெரியும். இலை அதிகமுள்ள நாளில் முதலில் வலையால் அள்ளிவிட்டு வெக்கூம் போடுங்கள், நடுவில் ஒருமுறை நிறுத்திக் கூடையைக் கொட்டுங்கள். கூடையில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், அந்த வெடிப்பு வழியாக விதையும் முடியும் போய் இம்பெல்லரில் சிக்கிக்கொள்ளும். கூடை சுத்தம், காற்றும் இல்லை, ஆனாலும் இழுவை மந்தம் என்றால் இம்பெல்லரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கூடையை எடுத்து, உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பார்க்கலாம். தரை வடிகாலுக்குத் தனி வால்வு இருந்தால் வெக்கூம் போடும்போது அதை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுவை இரண்டாகப் பிரியும்.

சரி, தூசிக்கு வருவோம்.

அந்தப் பழுப்புத் தூளை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். மூலையிலிருந்து கொஞ்சம் அள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். நறநறவென்று இருந்தால் அது உங்கள் டாங்கின் மணல். டாங்கின் அடியில் கை கையாக விரிந்திருக்கும் லேட்டரல் என்ற பிளாஸ்டிக் சல்லடைக் குழாய்களில் ஒன்று உடைந்திருக்கலாம், நடுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம். அதற்கு டாங்கைத் திறந்து மணலை முழுக்க எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கைக்குத் தட்டுப்படாமல் தண்ணீரில் கரைந்து கலங்கினால் அது செத்த பாசி அல்லது மலை மண். தஞ்சோங் பூங்காவில் சரிவில் இருக்கும் வீடுகளில் செப்டம்பர், அக்டோபர் மழைக்குச் செம்மண் கரைந்து குளத்துக்குள் வருவது அதிசயம் இல்லை. இரண்டில் எது என்று தெரிய, கலங்கிய தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் எடுத்து வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் திரவத்தைக் கொஞ்சம் விட்டு வையுங்கள். பாசி நிறம் வெளுக்கும், மண் அப்படியே அடியில் படியும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது வகைதான், மென்தூள். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், மணல் வடிகட்டி எல்லாவற்றையும் பிடிக்காது. நல்ல நிலையில் இருக்கும் மணல் ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறையாத துகளைப் பிடிக்கும், செத்த பாசியும் களிமண்ணும் அதைவிடச் சின்னது. அதை வெக்கூமால் இழுத்து மணல் வழியே தள்ளினால் மறுபக்கம் வந்துதான் தீரும். வந்தது தண்ணீரோட்டம் குறைந்த மூலையில் இரவெல்லாம் படியும். அதே மூலை, அதே தூள். புதிதாக எதுவும் வரவில்லை, பழையதே சுற்றிக்கொண்டிருக்கிறது.

தினமும் பேக்வாஷ் செய்வது இதை மோசமாக்குகிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் மணல் சற்று அழுக்கானால்தான் நன்றாக வடிகட்டும். பிடித்த தூசியே மணல் துகள்களின் இடைவெளியைக் குறுக்கி, அடுத்து வரும் இன்னும் சின்ன தூசியைப் பிடிக்கிறது. தினமும் கழுவிவிட்டால் அந்த நிலை வரவே வராது. எழுதி வைத்த எண்ணுக்கு மேலே 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போது மட்டும் செய்யுங்கள். செய்யும்போது சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெளியும்வரை, இரண்டு மூன்று நிமிடம், அதன் பிறகு ரின்ஸ் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். ரின்ஸை விட்டுவிட்டு நேராக ஃபில்டர் நிலைக்குப் போனால் குழாயில் மிச்சமிருக்கும் அழுக்கு முழுக்கக் குளத்தில் விழும். ஒவ்வொரு முறையும் பம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் சக்கர வடிவ ரப்பர் கேஸ்கட் பெயர்ந்துவிடும், அது பெயர்ந்தால் அழுக்குத் தண்ணீர் மணலைத் தொடாமலேயே குளத்துக்குப் போகலாம். உங்கள் கேஸ்கட்டைச் சோதிப்பது சுலபம், ஃபில்டர் நிலையில் பம்ப் ஓடும்போது கழிவுக் குழாயின் முனையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். சொட்டினால் கேஸ்கட் போய்விட்டது.

மணலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பொதுவாக 5 முதல் 7 வருடத்தில் மாற்றச் சொல்வார்கள், உங்களுக்கு வயதே தெரியாது. பம்ப்பை நிறுத்தி, காற்றுத் திருகைத் திறந்து, முள் 0-க்கு வந்த பிறகே டாங்க் மூடியில் கை வையுங்கள். இதை மட்டும் அவசரத்தில் செய்யாதீர்கள், அழுத்தத்தோடு இருக்கும் மூடி பறந்தால் ஆளையே அடித்துவிடும். உள்ளே மணல் மட்டமாக, உதிரியாக இருந்தால் நல்லது. கட்டி கட்டியாக இறுகியோ, குழி விழுந்தோ, வழுவழுவென்று பிசுக்கோடோ இருந்தால் தண்ணீர் மணலுக்குள் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டு நேராக இறங்கிப் போகிறது என்று அர்த்தம்.

மாற்றுவதாக இருந்தால் குளத்துக்கென்று விற்கும் சிலிக்கா மணல், துகள் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வீடு கட்டும் மணலையோ பத்து பெரிங்கி கடற்கரை மணலையோ போடவே கூடாது, அவற்றில் துகள் ஒரே அளவில் இருக்காது, களிமண்ணும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். எத்தனை கிலோ என்று டாங்கின் லேபிளிலேயே இருக்கும், அதற்கு மேல் போடாதீர்கள், பேக்வாஷில் மணல் எழும்ப மேலே இடம் வேண்டும். கொட்டுவதற்கு முன் டாங்கில் பாதிக்குத் தண்ணீர் விடுங்கள், மணல் நேராக லேட்டரல் மேல் விழுந்து உடைக்காமல் இருக்கும், நடுக் குழாயின் வாயையும் மூடிவிடுங்கள்.

இப்போது அந்த 1.5 குதிரைசக்திக்கு வருகிறேன். டாங்கின் விட்டத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த அளவு குளத்துக்கு 500 மில்லிமீட்டர் டாங்கைப் பல வீடுகளில் பார்க்கலாம், அதை வைத்துக் கணக்குப் போடுவோம். மணலின் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். வீட்டு வடிகட்டிக்குச் சதுர மீட்டருக்கு மணிக்கு 50 கன மீட்டர் என்பது வழக்கமான உச்சம், அப்படிப் பார்த்தால் இந்த டாங்க் மணிக்கு 10 கன மீட்டர்தான் தாங்கும். உங்கள் குளம் சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் 45 கன மீட்டர், நாலரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், தாராளம். பெரிய பம்ப் அதே மணல் வழியாக 15 கன மீட்டரைத் தள்ளினால் தூசி தங்குவதற்கு நேரமே கிடைக்காது, மணலில் வழி விழும், இன்று கலங்கலாக வருவது நாளை இன்னும் வேகமாக வரும், மின்சாரக் கட்டணமும் ஏறும். டாங்கை மாற்றாமல் பம்ப்பை மட்டும் பெரிதாக்கச் சொல்பவரிடம் "டாங்க் எத்தனை கன மீட்டர் தாங்கும்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது, மென்தூளை மணலுக்கே அனுப்பாமல் வெளியே அனுப்புவது. அது பாசியாக இருந்தால், உயிரோடு மிச்சமிருப்பதை முதலில் கொல்ல வேண்டும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் கொண்டு வந்து, சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு குளோரினை அதிகமாகப் போட்டு, சுவரெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, இரவு முழுக்க ஓட விடுங்கள். தண்ணீரில் பச்சை போனதும் பம்ப்பை நிறுத்தி ஓர் இரவு படிய விடுங்கள். அவசரமாக வேண்டுமென்றால் படிகாரம் போடலாம், நம் வீடுகளில் குடிதண்ணீரைத் தெளிய வைத்த அதே படிகாரம்தான். ஆனால் வால்வை ரீசர்க்குலேட் நிலையில் (தண்ணீர் மணலைத் தொடாமல் குளத்துக்கே திரும்பும்) வைத்துத்தான் கலக்க வேண்டும், மணல் வழியாக விட்டால் அது மணலையே கட்டியாக்கிவிடும்.

காலையில் ஸ்கிம்மர் வாயின் மேல்விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, வால்வை வேஸ்ட் நிலைக்குத் (தண்ணீர் மணலுக்குப் போகாமல் வெளியேறும்) திருப்பி, வெக்கூம் தலையை மிக மெதுவாக நகர்த்துங்கள், தூளைக் கிளறாமல். கால் மணி நேரத்தில் சுமார் 2,500 லிட்டர் போகும், உங்கள் குளத்தில் அது 8 சென்டிமீட்டர் இறங்குவதற்குச் சமம், அதனால் தோட்டக் குழாயைப் பக்கத்தில் திறந்துவிட்டே செய்யுங்கள், மட்டம் ஸ்கிம்மர் பாதிக்குக் கீழே போனால் நிறுத்துங்கள். தண்ணீர் பில் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று முறையில் தரை சுத்தமாகிவிடும். மண்ணாக இருந்தால் இதோடு நிற்காமல், மழைத் தண்ணீர் குளத்துக்குள் இறங்கும் பக்கத்தில் ஒரு சின்னத் தடுப்போ வாய்க்காலோ கட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி இதே வேலை.

பாசி திரும்பத் திரும்ப வந்தால் நீங்கள் எந்தக் குளோரின் போடுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே கடைகளில் 90% என்று விற்கும் மாத்திரையும் தூளும் பெரும்பாலும் டிசிசிஏ (ட்ரைக்ளோரோஐசோசயனூரிக் அமிலம்) வகை. அதில் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வரும், அது குளத்தில் அப்படியே தங்கிவிடும். உங்கள் குளத்தில் 100 கிராம் போட்டால் அந்த அமிலம் 1.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1.2 பங்கு) ஏறும், தினமும் போட்டால் ஒரு மாதத்தில் 36. 30 முதல் 50 வரை நல்லது, 100-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாத நிலை வந்துவிடும், பாசிக்குக் கொண்டாட்டம். குறைக்கத் தண்ணீரை மாற்றுவதுதான் வழி, வேஸ்ட்டில் வெளியேற்றுவது இதற்கும் உதவும். ஒன்று மட்டும்: டிசிசிஏ தூளையும் 65%, 70% என்று வரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும்.

கோளாறு தீரும்வரை பம்ப்பை நிறுத்தியே வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். குளோரின் இறங்கிய நிற்கும் தண்ணீரில் ஒரு வாரத்தில் கொசுப்புழு வரும், டெங்கிக் காய்ச்சல் உள்ள ஊரில் சுகாதாரத் துறை அபராதமும் போடும்.

பேரப்பிள்ளைகள் இறங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஆழமான பக்கத்தில் தரை வடிகாலின் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாத குளத்தில் மூழ்கும் பிள்ளையும் தெரியாது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அந்த வடிகால் மூடி உடையாமல், திருகு எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும், சுவரில் வெக்கூம் துளை தனியாக இருந்தால் அதற்கும் மூடி வேண்டும். இழுவைத் துளையில் பிள்ளைகளின் முடியோ கையோ சிக்கினால் பெரியவர்களாலும் பிடுங்க முடியாது, அதனால் மூடி உடைந்திருந்தால் மாற்றும்வரை பிள்ளைகளை இறக்கவே இறக்காதீர்கள். பம்ப்பின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள்.

முள் காட்டிய இரண்டு எண், டாங்கின் விட்டம், தூளைத் தேய்த்தபோது கையில் எப்படி இருந்தது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள் ஐயா. மணலை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று அப்போது உறுதியாகச் சொல்கிறேன்.